எல்லாரும் வந்தாச்சு

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆள் கணக்கில் மட்டும் யாருக்கும் குழப்பம் வரக்கூடாது. அதனால் அன்று காலை அந்த மேசையைச் சுற்றி யார் யார், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1957, அக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. வேல்ஸில் எங்கள் ட்ரெகாரன் ஊரில், குவிலிம் ரொட்டிக்கடையின் பின்கட்டு. மேசையின் தலைமாட்டில் எம்லின் பாரி. தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறவன், எங்கள் சைக்கிள் சங்கத்தின் பயணச் செயலாளர். அவன் வலப்பக்கம் குவிலிம், சட்டையெல்லாம் மாவு. இடப்பக்கம், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெவன் சகோதரிகள் இருவர், பள்ளி ஆசிரியைகள். எதிரே கல்குவாரி வேலையாட்கள் டோமோஸும் வின்னும். கதவோரம் நெரிஸ், எங்கள் வட்டாரத்து நர்ஸ். கடைசியாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில், ஒரு மாவு மூட்டையின் மேல் ஒரே ஒரு ஆள், ஐவர் என்று பெயர். எம்லினுடைய அக்கா லோரியின் கணவர்.

எட்டுப் பேர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் போகவில்லை. இந்தக் கதையை எம்லின் என்னிடம் சொல்ல மூன்று வருஷம் ஆயிற்று. சொல்லும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

ஐவர் எங்கள் சங்கத்து ஆள் அல்ல. தெற்கே ஒரு தகர ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. லோரி தம்பிக்கு டெலிபோன் போட்டாள். "அவரை ஒரு தடவை உங்களோட கூட்டிட்டுப் போ, எம்லின். மலைக்காத்து பட்டா மனசு மாறும். பத்திரமாத் திருப்பி அனுப்பு, அது போதும்." எம்லின் சரியென்று வாக்குக் கொடுத்தான். கொடுத்தபோது ஐவருடைய சைக்கிளை அவன் பார்த்திருக்கவில்லை.

"எண்பது மைல்," என்றான் எம்லின், ரொட்டித் துண்டால் தட்டை வழித்தபடி. "இருட்டறதுக்குள்ள சாம்பல் கணவாயைத் தாண்டி இறங்கிடணும். அந்தப் பக்கம் பென்ரியூ பண்ணையில டீக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"ஐவர் வண்டியைப் பார்த்தியா?" என்றான் குவிலிம். "அதுல பால் கேன் கட்டிக் கறவைக்குப் போகலாம்."

"கப்பல்னா ஒரு நங்கூரம் வேணும்ல? இந்தத் தடவை நம்ம நங்கூரம் அத்தான்தான்," என்றான் எம்லின்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"உன் பின்பக்கத்தையே பார்த்துக்கிட்டு எண்பது மைல் வரணும். அதுக்கே அவருக்கு மெடல் கொடுக்கலாம்," என்றாள் நெரிஸ். அதற்கும் சிரித்தார்கள்.

ஐவரும் சிரித்தார். "நங்கூரம் நல்லதுதானேப்பா. கப்பல் ஓடிப்போகாது." சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதில் பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது. அதை எம்லின் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவனை யாரும் முந்தக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. முன்னால் எம்லின், கடைசியில் நெரிஸ். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் முன்னே போனவர்கள் நின்று காத்திருப்பார்கள். ஆடு தாண்டாமல் இருக்க மலை ரோட்டில் மரக் கேட் போட்டிருப்பார்கள். கடைசி ஆள் அதைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் முன்சக்கரம் உருளும். அந்த வார்த்தை கடைசி ஆளுக்கு மட்டுமே சொந்தம். விளையாட்டுக்குக்கூட வேறு யாரும் சொல்ல மாட்டோம்.

நெரிஸின் குரலை வேறு குரலோடு குழப்பிக்கொள்ள முடியாது. சேப்பல் பிரார்த்தனைப் பாட்டில் அவள் வாயைத் திறந்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது, மெதுவாக. ஏற்றம் வரும். ஏறுவார்கள். மழைத் தூறலில் நிற்பார்கள். நிற்பார்கள். கீழே வளைவில் ஐவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரியும், பக்கத்தில் நெரிஸ் ஏதோ பாடிக்கொண்டு. பிறகு "எல்லாரும் வந்தாச்சு!" மறுபடியும் உருளுவார்கள். அடுத்த ஏற்றம்.

ஆற்றுப் பாலத்தடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடும்போது எம்லின் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தான். மூன்றாவது தடவை பார்க்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அத்தான், ஒவ்வொரு மேட்டுலயும் அஞ்சாறு பேர் உங்களுக்காக நனைஞ்சுட்டு நிக்கறோம். தெரியுதா?"

எல்லாரும் சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

"தெரியுதுப்பா," என்றார் ஐவர். "தெரியாமலா? எனக்காக நிக்காதீங்க. நான் மெதுவா வந்து சேர்ந்துக்கறேன்."

"அப்படி விட்டுட்டுப் போற வழக்கம் எங்க சங்கத்துல கிடையாது."

பெருமையாகத்தான் சொன்னான். அந்தப் பெருமைதான் பிறகு அவனைத் தின்றது.

சாம்பல் கணவாயில் ஏறத் தொடங்கியபோது மணி மூன்றரை. பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கிவிட்டது. முன்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் திடீரென்று சக்கரத்தின் கீழே கடகடகடவென்று அதிர்ந்தது. எம்லின் பதறிப்போனான். பிறகு புரிந்தது. போன வருஷம் வந்தபோது அங்கே மரக் கேட் இருந்தது. இப்போது கேட் இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருந்தார்கள். ஆடு கால் வைக்காது. வண்டி தாண்டிப் போகும்.

கடகடகட. குவிலிம் வந்தான். "கவுன்சில்காரங்க நம்ம வரிப்பணத்துல உருப்படியா ஒண்ணு பண்ணிட்டாங்கடா! இனிமே கேட்டும் இல்லை, கொக்கியும் இல்லை!"

கடகடகட, பெரிய பெவன். கடகடகட, சின்ன பெவன். டோமோஸ். வின்.

ஆறு பேர். இன்னும் இரண்டு கடகட பாக்கி.

நின்றார்கள்.

வெளிச்சம் வடிந்துகொண்டே போனது. எங்கோ ஒரு ஆடு இருமியது. மனிதன் இருமுவது போலவே இருமியது. சின்ன பெவனுக்குப் பல் கிட்டியது. எம்லினுக்குக் கை விரல்கள் மரத்துவிட்டன. பென்ரியூவில் இந்நேரம் கேத்தல் கொதித்திருக்கும் என்று நினைத்தான். அக்கா இந்த மனிதரை என் தலையில் கட்டிவிட்டாளே என்றும் நினைத்தான்.

அப்போது ஒரு நாற்றம் வந்தது. பூண்டு அழுகியது போல.

"கார்பைடு விளக்கு," என்றான் டோமோஸ். "எங்க அப்பன் காலத்துல குவாரிக்குள்ள கொண்டு போவாங்க. இப்ப யாரு வச்சிருக்கா?"

யாரும் வைத்திருக்கவில்லை. எல்லாரிடமும் பாட்டரி விளக்குதான்.

எம்லின் கையைக் குவித்துக் கூப்பிட்டான். "நெரிஸ்! எல்லாரும் வந்தாச்சா?"

பதில் இல்லை.

"நெரிஸ்!"

பதில் இல்லை...

டங்.

இரும்புக் கொக்கி மரத்தில் விழுந்த சத்தம். பக்கத்தில்தான். உடனே குரல்.

"எல்லாரும் வந்தாச்சு!"

ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு. மரியாதையான குரல். காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு குரல்.

கடகட கேட்கவில்லை. ஒன்றுகூடக் கேட்கவில்லை.

குவிலிம் எம்லினைப் பார்த்தான். "நெரிஸுக்குத் தொண்டை கட்டிருச்சா?"

இந்த இடத்தைச் சொல்லும்போது எம்லின் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். அது நெரிஸ் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் குரல் இல்லை, ஐவர் குரலும் இல்லை. யாரும் குழாய்களைத் தாண்டவில்லை என்றும் தெரியும். பத்தடி திரும்பி நடந்தால் போதும், பார்த்துவிடலாம். ஆனால் முறைப்படி அந்த வார்த்தை வந்துவிட்டது. இனி அவன் நிற்க வேண்டியதில்லை. யாரும் குறை சொல்ல முடியாது.

"பனிடா," என்றான். "பனியில குரல் அப்படித்தான் கேக்கும். வாங்க, போகலாம்."

இறக்கத்தில் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பென்ரியூ பண்ணையில் ட்யூடர் அம்மாள் எட்டுக் கோப்பை வைத்திருந்தாள். ஆறு பேர் உட்கார்ந்தார்கள். குவிலிம் பின்னால் எட்டிப் பார்த்தான். "நம்ம பின்னாடியே வரலையா அவங்க?" எம்லின் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முற்றத்தில் லாந்தர் வெளிச்சம். மாட்டுக்கொட்டகைச் சுவரில் எதையோ சாய்த்து வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிக் காஞ்சொறிச் செடி முளைத்திருந்தது. அவன் கண் அதிலேயே நின்றது. ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. நெரிஸ். தலையெல்லாம் ஈரம், கோபம்.

"ஏண்டா, மேல ஒருத்தனும் நிக்கலை? கிறுக்கு மாதிரி தனியா இறங்கி வர்றேன்!" கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தாள். "போகட்டும். அவங்க ரெண்டு பேரும் வர இன்னும் நேரமாகும். டீயை மூடி வைங்கம்மா."

"எந்த ரெண்டு பேரும்?" என்றான் எம்லின்.

"ஐவரும், நீ அனுப்பின ஆளும்."

"நான் யாரையும் அனுப்பலை, நெரிஸ்."

"விளையாடாதே. ஐவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. கடைசி வளைவுல உக்கார வச்சுத் தேய்ச்சுவிட்டுட்டு இருந்தேன். மேலேர்ந்து ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிட்டு வந்தான். பழுப்பு மழைக்கோட்டு, முக்காடு. 'நீங்க போங்க நர்ஸம்மா, குளிர்ல நிக்காதீங்க. கடைசி ஆள் நான்'னான். டோமோஸ்னு நினைச்சேன்."

டோமோஸ் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"டோமோஸ் எப்ப உன்னை நர்ஸம்மான்னு கூப்பிட்டான்?" என்றான் குவிலிம் மெதுவாக.

நெரிஸின் முகம் வெளுத்தது. "அவன் விளக்கு நாறுச்சு," என்றாள். "பூண்டு மாதிரி."

அந்த அம்மாளின் கணவர் ட்யூடர் தன் லாண்ட்ரோவர் ஜீப்பை எடுத்தார். பக்கத்தில் எம்லின். வேறு யாரையும் அவன் ஏறவிடவில்லை.

மேலே ஏற ஏற மேகம் கெட்டியானது. விளக்கு வெளிச்சம் பனியில் முட்டித் திரும்பியது. எம்லின் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"அத்தான்!"

இன்ஜின் சத்தம் மட்டும்.

"அத்தான்!"

உச்சி. குழாய்களுக்கு முன்னால் ட்யூடர் வண்டியை நிறுத்தினார். எம்லின் இறங்கினான்.

அப்பால் ஒரு வெளிச்சம். மஞ்சள். சின்னது. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில்.

பாட்டரி விளக்கு அசையாது. இது சுடர் மாதிரி அசைந்தது.

அணைந்தது.

பூண்டு நாற்றம்.

எம்லின் குழாய்களின் மேல் நடந்தான். வழுக்கியது. தவழ்ந்து தாண்டினான்.

பழைய கேட்டின் கல்தூண் மட்டும் அங்கே நின்றது. அதில் சாய்ந்து ஐவர் உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. வலது கையைப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தார், யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

எம்லின் அந்தக் கையைப் பிடித்தான்.

சூடாக இருந்தது.

இடது கை பனிக்கட்டி.

"வந்துட்டியா," என்றார் ஐவர். "இப்பதான் எழுந்து போனான்."

"யாரு அத்தான்?"

"உன் ஆளு. கேட்டைச் சாத்தணும்னு போனான்."

வண்டியில் ஐவரைப் போர்வையால் சுற்றி நடுவில் உட்கார வைத்தார்கள். எம்லினுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. தனக்காக யாரும் நனைய வேண்டாமென்று, ஐவரே குரலை மாற்றிக் கூப்பிட்டிருக்கலாம். அப்படியென்றால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவனுடைய பாவமும் பாதியாகும்.

"அத்தான், அந்த எல்லாரும் வந்தாச்சு... நீங்களா கூப்பிட்டீங்க?"

ஐவர் முன்னால் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"கூப்பிடலாம்னுதான் இருந்தேன். நான் நங்கூரம்ல? நீங்களாவது நேரத்துக்குப் போய்ச் சேருங்களேன்னு. வாயைத் திறந்தேன். அவன்தான் தடுத்தான். 'உங்களுக்கு இது முதல் தடவை, கஷ்டமா இருக்கும். உங்களுக்காக நானே சொல்லிடறேன்'னான்."

ட்யூடரின் கையில் கியர் கிரீச்சென்று கத்தியது.

"நல்லவன்ப்பா," என்றார் ஐவர். "அவனையும் இப்படித்தான் யாரோ..." முடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

பண்ணைக்கு வந்து சேர்ந்ததும் நெரிஸ் அவரை அடுப்பருகே கொண்டுபோய்விட்டாள். எம்லின் முற்றத்திலேயே நின்றுவிட்டான். ட்யூடரிடம் கேட்டான்.

"மேல வேற எங்கயாவது கேட் இருக்கா? பக்கத்து மேய்ச்சல்ல? கொக்கி போட்ட கேட்?"

ட்யூடர் டார்ச்சை மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடித்தார். காஞ்சொறிச் செடிக்கு நடுவில் சாய்ந்திருந்தது ஒரு பழைய மரக் கேட். இரும்புக் கொக்கியில் துரு.

"அந்த மலை மேல இருந்ததே இது ஒண்ணுதான். ஜூன்ல நானே கழட்டி எடுத்துட்டு வந்தேன். விறகுக்குப் பிளக்கலாம்னா இவ விடமாட்டேங்கிறா."

வாசற்படியில் ட்யூடர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"கொக்கிச் சத்தமா?" என்றாள். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

அந்தக் குரலில் பயமே இல்லை. நிம்மதி இருந்தது. எம்லினுக்கு முதுகு சில்லிட்டது அப்போதுதான்.

மேற்கொண்டு விவரம் கேட்டதற்கு, "டீ ஆறுது, உள்ள வாங்க," என்றாள். அவ்வளவுதான். அன்றும் சரி, பிறகு ஒருநாள் அவன் தனியாகப் போய்க் கேட்டபோதும் சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை.

மறுநாள் ஐவரை ரயிலேற்றிவிட்டார்கள். சங்கத்தில் யாரும் எம்லினைக் குறை சொல்லவில்லை. குரல் வந்தது, போனோம், முறை அதுதானே என்றார்கள். குவிலிம் மட்டும் சில நாள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. நெரிஸ் அதற்குப் பிறகு கடைசி ஆளாக வர மறுத்துவிட்டாள்.

நவம்பர் நடுவில் லோரியிடமிருந்து கடிதம் வந்தது. எம்லின் அதைத் திறக்கவே ஒரு பகல் தயங்கினான். திட்டி எழுதியிருப்பாள் என்று நினைத்தான். அவள் நன்றி சொல்லி எழுதியிருந்தாள்.

"நீ என்ன மாயம் செய்தாய் என்று தெரியவில்லை, எம்லின். தினமும் சவரம் செய்துகொள்கிறார். சாப்பிடுகிறார். சைக்கிளைக் கழற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த அக்டோபரிலும் கட்டாயம் வருவாராம், மலையில் ஒரு சிநேகிதரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அவரை மறக்காமல் கூட்டிப் போ. ஒன்றே ஒன்றுதான் வேடிக்கையாக இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் வாசல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு, எல்லாரும் வந்தாச்சு என்று சத்தமாகச் சொல்கிறார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான் என்று உனக்குத் தெரியும். நேற்று விளையாட்டாக எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். மூன்று என்றார். அதென்ன சங்கத்து வேடிக்கை?"

எம்லின் அன்றே பதில் எழுத உட்கார்ந்தான். முதல் தாளில், பனியில் அந்தக் குரலை நெரிஸின் குரல் என்றே நினைத்துவிட்டேன் என்று எழுதினான். எழுத்து அழகாக வந்தது. படித்துப் பார்த்தான். இப்படி எழுதினால் அவள் மன்னித்துவிடுவாள், சிரித்துவிட்டு அடுத்த அக்டோபரில் ஐவரை அனுப்பியும் வைப்பாள். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டான்.

இரண்டாவது தாளில் எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"அக்கா, நீ நன்றி சொல்லாதே. அது நெரிஸின் குரல் இல்லை என்று எனக்குக் கேட்ட அந்த நிமிஷமே தெரியும். அத்தான் பின்னால் இருக்கிறார் என்றும் தெரியும். எனக்குக் குளிர்ந்தது, சீக்கிரம் போக வேண்டும் என்றிருந்தது, யாரோ ஒருவர் போகலாம் என்று சொன்னார், போய்விட்டேன். காலையில் எல்லார் முன்னாலும் அவரை நங்கூரம் என்று சொன்னதும் நான்தான். அவரை இனி இந்த மலைக்கு அனுப்பாதே. அழுதாலும் அனுப்பாதே. சைக்கிளை விற்றுவிடு. இது வேடிக்கை இல்லை. எங்கள் சங்கத்தில் அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ராத்திரி கதவை அவர் சாத்துவதற்கு முன் நீ போய்ச் சாத்து. நான் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அவரிடம் மன்னிப்பை நேரில்தான் கேட்க வேண்டும்."

மடித்து உறையில் வைத்தான். ஓரத்தை நக்கி ஒட்டினான். தபால்தலையைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினான். குல்லாயைப் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தான். மூடியிருந்தது. கதவில் கடிதம் போடும் வாய்க்கு ஒரு இரும்பு மூடி. அதைத் தூக்கி உறையை உள்ளே தள்ளினான். உறை தரையில் விழுந்தது கேட்டது.

மூடியை விட்டான்.

டங்.

தெருவில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். எம்லின் கதவைப் பார்த்தபடி அங்கேயே நின்றான். பின்னால் யாராவது வர வேண்டியிருந்தால் வரட்டும் என்று நின்றான்.

இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை.